பழைய படங்கள் சொல்லும் தீயின் கதை

தீ அணைந்த பிறகு சாம்பல்தான் மிஞ்சும் என்பார்கள். ஆனால் 180 ஆண்டுகளுக்கு மேலாகச் சாம்பலோடு இன்னொன்றும் மிஞ்சி வருகிறது. அதுதான் புகைப்படம். அந்தச் சொல்லிலேயே புகை இருப்பதைக் கவனித்தீர்களா? பெயருக்கு ஏற்றாற்போல், உண்மையான புகையையும் நெருப்பையும் பிடித்து வைத்திருக்கும் பழைய படங்கள் உலகெங்கும் உள்ளன. பெரு நகரங்கள் எரிந்தபோதும் துறைமுகங்கள் வெடித்தபோதும் எடுக்கப்பட்டவை அவை. அவற்றை அழகுக்காக யாரும் பாதுகாக்கவில்லை. அடுத்த தீயில் உயிர் பிழைக்க வழி சொல்லும் என்பதற்காகவே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் படிக்கும் மாணவர்களுக்கு இது ஏட்டு வரலாறு மட்டும் அல்ல. நம் பக்கத்தில் பட்டாசு ஆலைக்குப் 'பயர் ஆபீஸ்' என்று பெயர். அம்மாவோ அப்பாவோ அத்தையோ மாமாவோ அங்கே வேலை பார்க்காத வீடுகள் குறைவு. பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போது எங்கோ தொலைவில் 'டமார்' என்று ஓர் ஓசை. கரிசல் காட்டுக்கு அப்பால் புகை எழுகிறது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகத் தோன்றும். போகலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்குப் பழைய படங்கள் தெளிவாகப் பதில் சொல்கின்றன. படத்தில் தீயை மட்டும் பார்த்தால் போதாது. மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

நெருப்பே இல்லாத தீ விபத்துப் படம்

1842ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் நான்கு நாட்கள் எரிந்தது. ஹெர்மன் பியோவ் என்பவர் தம் புகைப்படக் கருவியுடன் சென்று இடிபாடுகளைப் படம் எடுத்தார். உலகின் முதல் செய்திப் படங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் படத்தில் நெருப்பும் இல்லை, மனிதர்களும் இல்லை. ஏன்?

அக்காலத்தில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மேல் படம் பதித்தார்கள். ஒளி பதிவதற்கு நீண்ட நேரம் பிடித்தது. அவ்வளவு நேரம் அசையாமல் இருப்பவை சுவர்கள்தாம். நடமாடும் மனிதனும் துள்ளும் சுவாலையும் தகட்டில் தங்குவதில்லை. எனவே தீ முடிந்த பிறகு நிற்கும் சுவரையே படமாக்க முடிந்தது.

11 ஆண்டுகள் கழித்து, 1853 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் ஆஸ்வீகோ என்ற ஊரில் மாவு ஆலைகள் தீப்பற்றின. ஜார்ஜ் பர்னார்டு என்ற புகைப்படக்காரர் அவை எரியும்போதே படம் எடுத்துவிட்டார். கருப்பு வெள்ளைத் தகட்டில் நெருப்பின் சிவப்பு தெரியாதே! அதனால் சுவாலை இருந்த இடத்தில் கையால் செந்நிறச் சாயம் தீட்டினார்கள்.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து நகரம் தீப்பற்றி எரிந்தது. அர்னால்டு கெந்தே என்பவரின் கருவிகள் நிலநடுக்கத்தில் சேதமாகிவிட்டன. கடை ஒன்றில் சிறிய கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் எடுத்த ஒரு படத்தில் மேடான ஒரு தெரு தெரிகிறது. தெருவின் கீழ்க்கோடியில் மலைபோல் புகை. தெருவிலோ மக்கள் நின்றும் உட்கார்ந்தும் வேடிக்கை பார்க்கிறார்கள்! தீ நெருங்கினால் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்களாம்.

அவர்கள் நாற்காலியை நகர்த்தித் தப்பிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. எரிந்தவை மரமும் துணியும் வீட்டுச் சாமான்களும். அந்தத் தீ ஒரு வேகத்தில் நடந்து வரும். நாமும் பின்னால் நடக்கலாம். எல்லாத் தீயும் அப்படி நடந்து வருமா?

சென்னையில் எரிந்த எண்ணெய்

துணிச்சலும் தந்திரமும் மிக்க ஒருவனை, "அவன் சரியான எம்டன்" என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல் தமிழுக்கு வந்தது ஒரு தீயின் மூலம்தான். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பிடித்து, லட்சக்கணக்கான லிட்டர் எண்ணெய் எரிந்தது. எரிந்த தொட்டிகளின் படங்கள் இன்றும் இருக்கின்றன.

பயங்கரமான தீதான். ஆனாலும் அத்தனை எண்ணெயும் ஒரே நொடியில் எரிந்து தீர்ந்துவிடவில்லை. இதில் ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது.

தீ எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன். தொட்டிக்குள் எண்ணெய் எவ்வளவு ஆழம் இருந்தாலும் காற்று தொடுவது மேற்பரப்பை மட்டும்தான். மேலே ஆவியாகும் எண்ணெய் காற்றோடு கலந்த இடத்தில்தான் சுவாலை நிற்கும். ஆகவே தீயின் வேகத்தைக் காற்று கட்டுப்படுத்துகிறது. காற்றை மறித்துவிட்டால் தீ அணைந்துவிடும். எரியும் எண்ணெய்ச் சட்டியைத் தட்டுப் போட்டு மூடுவதும், எண்ணெய்த் தொட்டி மேல் நுரை பீய்ச்சுவதும் இதனால்தான்.

மூச்சைக் கையோடு கொண்டுவரும் தீ

பட்டாசு மருந்து இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. பழைய கரிமருந்தை எடுத்துக்கொள்வோம். 100 பங்கில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதன் ஒவ்வொரு நைட்ரேட் அலகிலும் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. சூடேறும்போது அந்த ஆக்சிஜன் வெளிப்பட்டு, ஒட்டி உரசிக்கொண்டிருக்கும் கரியையும் கந்தகத்தையும் எரிக்கிறது. வெளிக்காற்றின் தயவு தேவையில்லை. மருந்து தன் மூச்சுக்காற்றைத் தானே மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது!

தீபாவளியில் வெடிமேல் சிரட்டையைக் கவிழ்த்து வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. மூடிவைத்த வெடி அணைந்துவிடுவதில்லை, சிரட்டைதான் பறக்கிறது. (இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். பறக்கும் சிரட்டைக்குக் கண் எது, கல் எது என்று தெரியாது.) போர்வையும் மணலும் போட்டு மூடி இந்தத் தீயை மூச்சுத் திணறடிக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

வாயு வெளியேற வழி இருந்தால் இந்த மருந்து சீறி எரியும். வழி இல்லாமல் காகிதச் சுருளுக்குள்ளோ, பெட்டிக்குள்ளோ, அறைக்குள்ளோ அடைபட்டிருந்தால் வெடிக்கும். ஆக, எரிவதற்கும் வெடிப்பதற்கும் இடையே மெல்லிய கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தீ எப்போது தாண்டும் என்று பக்கத்தில் நின்று யாராலும் கணித்துச் சொல்ல முடியாது. இதற்கு உயிர் கொடுத்துச் சாட்சி சொன்ன துறைமுகம் ஒன்று நம் நாட்டிலேயே உள்ளது.

பம்பாய், 1944: பருத்தியும் வெடிமருந்தும்

விருதுநகர் பருத்தி வணிகத்திற்குப் பெயர் பெற்றது. சிவகாசி வெடிமருந்துக்குப் பெயர் பெற்றது. இந்த இரண்டு சரக்கையும் ஒரே கப்பலில், ஒரே பகுதியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஃபோர்ட் ஸ்டைகைன் என்ற கப்பல் 1944 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள்களும் குண்டுகளும், போர் விமானங்களும், 124 தங்கக் கட்டிகளும் இருந்தன. வழியில் கராச்சியில் பருத்திப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் மரமும் ஏற்றப்பட்டன. கப்பல் தலைவர் அலெக்சாண்டர் நைஸ்மித் இந்தக் கலப்பை விரும்பவில்லை. போர்க்காலத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. கப்பல் ஏப்ரல் 12 அன்று பம்பாய் வந்து விக்டோரியா துறையில் நின்றது.

ஏப்ரல் 14 பிற்பகல் 2 மணி அளவில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை வந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். குழாய்களை இறக்கித் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். 900 டன்னுக்கு மேல் தண்ணீர் கப்பலுக்குள் போயிற்று. ஆயினும் தீ அடங்கவில்லை.

ஏன் அடங்கவில்லை? பருத்திப் பொதியின் குணத்தைப் பாருங்கள். எத்தனை இறுக்கிக் கட்டினாலும் இழைகளுக்கிடையே காற்று இருக்கும். தீ உள்ளே புகுந்துவிட்டால் சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டே போகும். வெளியே ஊற்றும் தண்ணீர் மேல் அடுக்கை நனைத்து வழிந்துவிடும். நடுவில் உள்ள கனலைத் தொடாது. ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பருத்தி முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 17,000 கிலோஜூல் வெப்பம் வரும். ஒரு கிலோ தண்ணீர் சூடாகி ஆவியாகும்போது ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு கிலோ பருத்தித் தீயின் வெப்பத்தை விழுங்க 7 கிலோ தண்ணீராவது வேண்டும். அதுவும் வழிந்தோடாமல் முழுதும் ஆவியாக வேண்டும்!

இன்னொரு விபரீதமும் நடந்தது. பருத்தி கீழ்த்தளத்திலும் வெடிமருந்து அதற்கு மேல்தளத்திலும் இருந்தன. பாய்ச்சிய தண்ணீர் சரக்கறையில் தேங்கி உயர்ந்தது. கனலும் பொதிகள் மிதந்து தண்ணீரோடு மேலே ஏறின. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரே தீயை வெடிமருந்தின் அருகே தூக்கிச் சென்றது.

கப்பலைக் கடலுக்கு இழுத்துச் செல்வதா, இருந்த இடத்திலேயே மூழ்கடிப்பதா, தொடர்ந்து தண்ணீர் பாய்ச்சுவதா என்று முடிவு எட்டாமலே நேரம் போயிற்று. வெடிபொருள் ஏற்றிய கப்பல் பறக்கவிட வேண்டிய சிவப்புக் கொடியும் அதில் பறக்கவில்லை. பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்கள் வழக்கம்போல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலை 4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்தது. சுமார் அரை மணி நேரத்தில் இன்னும் பெரிதாக இரண்டாவது வெடிப்பு. 12 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. 1,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் சிம்லாவின் நிலநடுக்கமானி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. தங்கக் கட்டி ஒன்று பறந்து போய் ஒரு வீட்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. எரியும் பருத்தி வானத்திலிருந்து மழைபோல் பெய்து, நகரத்தின் பல இடங்களில் தீ மூட்டியது. 800 பேருக்கு மேல் இறந்தனர். உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதல் என்று கருதுவோரும் உண்டு. இறந்தவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

போர்க்காலத் தணிக்கையால் செய்தியாளர்கள் விவரங்களை உடனே வெளியிட முடியவில்லை. மே மாதம்தான் அனுமதி கிடைத்தது. பின்னால் வெளியான படங்கள் சொல்லுக்கு அடங்காதவற்றைச் சொல்லின. ஒரு படத்தில் துறைமுகத்தின் மேல் மலைபோல் எழும் புகைத் தூண். இன்னொன்றில் ஜலபத்மா என்ற கப்பல். அலை தூக்கி எறிந்ததில் அதன் பின்பகுதி கிடங்கின் கூரைமேல் ஏறிக் கிடக்கிறது. தீயை முழுதும் கட்டுப்படுத்த மூன்று நாட்கள் ஆயின. இடிபாடுகளை அகற்றிக் கப்பல் துறையை மீட்க ஏழு மாதங்கள் ஆயின.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14ஆம் நாள் நாடெங்கும் தீயணைப்போர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை தீத் தொண்டு வாரம். நம் ஊர் தீயணைப்பு நிலையத்தார் பள்ளிகளுக்கு வந்து செயல்முறை விளக்கம் காட்டுவதும் இந்த வாரத்தில்தான். அதன் வேர் 1944இல் பம்பாயில் மடிந்த அந்த 66 பேர்.

ஆரஞ்சு நிறப் புகை

பம்பாய்க்குச் சரியாக மூன்று ஆண்டுகளும் இரண்டு நாட்களும் கழித்து, 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் நகரத் துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பல் தீப்பற்றியது. அதில் இருந்தது சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட், அதாவது உரம். தண்ணீர் விட்டால் சரக்கு கெட்டுவிடுமே என்று எண்ணிய தலைவர், சரக்கறையை மூடி நீராவியைச் செலுத்தச் சொன்னார். காற்றை விரட்டினால் தீ அணையும் என்பது கணக்கு. பருத்திக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. நைட்ரேட்டுக்கோ அது தன் மூச்சைத் தானே கொண்டுவந்த சரக்கு. நீராவி அதை மேலும் சூடாக்கியதுதான் மிச்சம்.

கப்பலிலிருந்து விசித்திரமான ஆரஞ்சு நிறப் புகை எழுந்தது. நைட்ரேட் சிதையும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடின் நிறம் அது. கண்ணைக் கவரும் புகையைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடிற்று. குழந்தைகளும் வந்திருந்தார்கள். அப்போது எடுத்த ஒரு படம் இன்றும் இருக்கிறது. கரையில் நின்று, குழாயைப் பிடித்துக் கப்பல்மேல் தண்ணீர் பாய்ச்சும் தீயணைப்பு வீரர்கள் அதில் தெரிகிறார்கள். காலை 9 மணி 12 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்தது. அந்நகரத்துத் தொண்டர் தீயணைப்புப் படையின் 28 பேரில் 27 பேர் மாண்டனர். மொத்தத்தில் 580 பேருக்கு மேல் இறந்தனர்.

முன்னால் 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலும் இதே கதைதான். வெடிமருந்து ஏற்றிய மோன்ட் பிளாங்க் என்ற கப்பல் வேறொரு கப்பலோடு மோதித் தீப்பற்றியது. சுமார் 20 நிமிடம் எரிந்தது. மக்கள் வீட்டு ஜன்னல்களில் நின்று பார்த்தார்கள். வெடித்தபோது கண்ணாடிச் சில்லுகள் ஏராளமானோரின் கண்களைத் தாக்கின.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டு 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் தீ. உள்ளே இருந்தது சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். முதலில் விரைந்து சென்ற தீயணைப்புக் குழுவின் 10 பேரும் இறந்தனர். 200 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மாடியிலும் ஜன்னலிலும் நின்று கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். செப்புத் தகடு போய்க் கைப்பேசி வந்துவிட்டது. நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை!

முதலிப்பட்டி, 2012

இனி நம் ஊருக்கு வருவோம். சிவகாசிக்கு இந்தத் தொழில் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த, வறண்ட காற்று வீசும் நிலம் இத்தொழிலுக்கு ஒத்துவந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வளர்ந்தது. வானம் பார்த்த பூமிக்குச் சோறு போட்டது அந்தத் தொழில். அதே தொழிலில் உயிர்களும் போயின.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து ஏற்பட்டது. ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டுச் சுற்று ஊர்களிலிருந்து காப்பாற்ற ஓடியவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் ஆவர். தீ அறைக்கு அறை தாவி, அடுத்தடுத்து வெடித்தபோது அவர்கள் அருகில் நின்றிருந்தார்கள்.

அவர்கள் ஓடியது நல்ல மனத்தால். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மருந்துத் தீக்கு நல்லவர், கெட்டவர் தெரியாது. தூரம் ஒன்றுதான் தெரியும். ஹாலிஃபாக்ஸ், பம்பாய், டெக்சாஸ் நகரம், முதலிப்பட்டி, பெய்ரூட் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே பாடம். வெடிமருந்துத் தீயில் முதல் சத்தம் முடிவல்ல. பெரும்பாலும் அது தொடக்கமே.

தூரம் என்னும் கவசம்

தூரம் எப்படிக் காப்பாற்றுகிறது? மூன்று எளிய கணக்குகளால் அறியலாம்.

முதலாவது, நேரம். ஒளி உடனே வந்துவிடும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். வெளிச்சத்தைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 6 நொடியில் சத்தம் கேட்டால், 6ஐ 3ஆல் வகுக்க, தீ சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்த இடைவெளி ஜன்னலை விட்டு விலகக் கிடைத்த நேரமும் ஆகும்.

இரண்டாவது, வெப்பம். தீயிலிருந்து கதிர்வீசும் வெப்பம், தூரம் இரண்டு மடங்கானால் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகவும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகவும் குறையும். ஆகவே பத்து அடி தள்ளி நிற்பவர் இருபது அடிக்குப் போவதே பெரிய லாபம்.

மூன்றாவது, அதிர்ச்சி அலை. வெடிமருந்தின் எடை 8 மடங்கானால், அதே அளவு பாதிப்பு 2 மடங்கு தூரம் வரை எட்டும். 2 × 2 × 2 = 8 என்பதை நினைவில் கொள்ளுங்கள். இதைத் திருப்பிப் பாருங்கள். ஓர் அறையில் 80 கிலோ மருந்து வைப்பதற்குப் பதிலாக, எட்டு அறைகளில் பத்துப் பத்துக் கிலோவாகப் பிரித்து வைத்தால், ஓர் அறை வெடிக்கும்போது ஆபத்து எட்டும் தூரம் பாதியாகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. ஓர் அறையின் தீ அடுத்த அறையைத் தொடக் கூடாது.

பட்டாசு ஆலையைக் கடந்து போகும்போது, பெரிய கட்டிடத்திற்குப் பதில் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் வீணாகிறதே என்று தோன்றலாம். உண்மையில் அந்த வெற்றிடம்தான் ஆலையின் மிக முக்கியமான கருவி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து கூடாது என்பவையும் இதே கணக்கிலிருந்து வந்த விதிகள். உள்ளே நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவது, உடலில் சேர்ந்த நிலைமின்சாரத்தைப் பூமிக்கு அனுப்புவதற்காக. மிச்ச மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஈரம் பட்ட அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் மெல்ல வினைபுரிந்து சூடேறும். ஆள் இல்லாத நேரத்திலும் தீப்பிடிக்கலாம்.

விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணைகளில் அடிக்கடி வருபவை இவைதாம்: அளவுக்கு மேல் மருந்து, அறைக்குள் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் வேலை, உராய்வு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தனர். மரத்தடியில் வேலை நடக்கும்போது அறைகளுக்கு இடையே விட்ட தூரம் அழிந்துபோகிறது. தூரம் அழிந்தால் எட்டு அறைகளும் ஓர் அறையாகிவிடும்.

படத்தைப் படிக்க ஐந்து கேள்விகள்

இனி ஒரு தீ விபத்துப் படத்தைப் பார்த்தால், பழையதோ புதியதோ, இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எரிவது என்ன? மரம், பருத்தி, எண்ணெய், மருந்து ஆகிய நான்கும் நான்கு விதம்.

2. புகை என்ன நிறம்? கரும்புகை எண்ணெய், ரப்பர், பிளாஸ்டிக் பக்கம் கை காட்டும். வெண்புகை நீராவியாகவோ, சுவாலையின்றிக் கனலும் பொருளாகவோ இருக்கலாம். செம்பழுப்பு, ஆரஞ்சு நிறங்கள் நைட்ரேட்டை நினைவூட்டும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி அருகே போகக் கூடாது. எந்த நிறப் புகையும் நஞ்சே. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுக் கிடங்கில் பிடித்த தீயின் புகை அடுத்திருந்த ஸ்கேன் மையத்தில் புகுந்தது. அங்கிருந்தவர்கள் தீ தொடாமலே மூச்சுத் திணறி இறந்தார்கள்.

3. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? புகை சாயும் திசையே தீ போகும் திசை.

4. தண்ணீர் எங்கே பாய்கிறது? எரியும் பொருளின் மேலா, இன்னும் எரியாத அடுத்த கட்டிடத்தின் மேலா? அனுபவம் மிக்க வீரர்கள் பல நேரங்களில் இரண்டாவதைத்தான் முதலில் நனைப்பார்கள்.

5. மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள்? படத்தில் இல்லாதவர்களையும் எண்ணிப் பாருங்கள். படம் எடுத்தவர் எங்கே நின்றார்?

நீங்கள் செய்யக்கூடியது

புகையைக் கண்டால் அதன் பக்கம் போகாதீர்கள். ஜன்னலை விட்டு விலகிக் கெட்டியான சுவருக்குப் பின்னால் இருங்கள். 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த ஆலை, என்ன தெரிகிறது என்று மூன்றே வாக்கியம் போதும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வரும் சாலையில் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி தங்கைகளைப் பிடித்து நிறுத்துங்கள். வழி மறிக்கும் ஒரு சைக்கிளால் ஒரு நிமிடம் தாமதமானால், உள்ளே கிடப்பவருக்கு அது பெரிய நேரம். வீட்டுக்கு மருந்து கொண்டுவந்து வெடி தயாரிப்பது சட்டப்படி குற்றம். இதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்த ஏப்ரலில் தீத் தொண்டு வாரம் வரும்போது ஒரு வேலை செய்யலாம். ஆசிரியரின் துணையோடு அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போங்கள். பழைய படங்கள் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்திலும் என்ன எரிந்தது, எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எவ்வளவு நேரத்தில் அணைத்தார்கள், எதனால் பரவியது என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். ஓய்வு பெற்ற வீரர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம், அவரையும் கேளுங்கள். ஊர்ப் பெயர், ஆண்டு, பாடம் என்ற மூன்று பத்திகளில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். காயம்பட்டவர்களின் முகம் தெரியும் படங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவர்களும் நம் ஊர்க்காரர்களே.

டெக்சாஸ் நகரத்து வீரர்கள் குழாயைப் பிடித்து நிற்கும் அந்தப் படத்தில், அவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: கப்பலுக்குள் இருந்தது என்ன என்பது. தெரிந்த நாம் தள்ளி நிற்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.